நான் ஃபாதர் இல்லை, அங்கிள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சர்ச் மண்டபத்தில் போன மாதம் கத்தோலிக்கத் தாதிகளாக நாம் கூடியபோது, பின்வரிசையில் இருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள்; யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. "சிஸ்டர், தினமும் பிரேயர் பண்ணணும்னுதான் நெனைக்கிறேன். எழுந்ததும் எல்ஆர்டி ரயிலுக்கு ஓடுறேன். வார்டுல மூச்சு விட நேரமில்ல. வீட்டுக்கு வந்தா படுத்தாப் போதும்னு இருக்கு. நீங்கல்லாம் எப்படித்தான் பண்ணுனீங்க?" என்று கேட்டாள்.

கை கழுவும்போது ஒரு சின்ன செபம் சொல்லிக்கொள்ளலாம் என்று பதில் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினீர்கள். அதற்குள் தேநீரும் கறிபாப் பலகாரமும் வந்துவிட்டன. அந்தப் பெண் மட்டும் தலையாட்டவில்லை என்பது கிள்ளானுக்கு ரயில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் கேட்டது நேரத்தைப் பற்றியல்ல. செபம் என்று ஒன்று எதற்கு, அதனால் யாருக்கு என்ன ஆகிறது என்று கேட்கத்தான் அவள் வந்திருந்தாள். அதை அப்படியே கேட்கக் கூச்சப்பட்டு நேரத்தின் மேல் பழியைப் போட்டாள். கை கழுவும் செபம் அதற்குப் பதிலாகாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் தாதியாகச் சேர்ந்து, வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றேன். சிஸ்டர் ரீத்தா என்று கூப்பிடுவார்கள். கழுத்தில் சிலுவையும் சேர்ந்துகொண்டால் கேட்கவா வேண்டும், பல நோயாளிகள் என்னைக் கன்னியாஸ்திரி என்றே நினைத்தார்கள். கணவர் இறந்துவிட்டார். மகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். கிள்ளானில் நான் இருக்கும் டெரஸ் வரிசை வீட்டில் இப்போது நான் மட்டும்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் பக்தி அதிகம். அறுவை சிகிச்சைக்குப் போகக் காத்திருந்த ஒரு சீன ஆன்டியின் கட்டில் ஓரமாக நின்று, கண்ணை மூடி, கையைக் குவித்து மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் ஆன்டி என்னையே வெறித்துப் பார்க்கிறார். "மிஸ்ஸி, ஐ டையிங் ஆ?" என்றார். தாதிகளை இங்கே மிஸ்ஸி என்பார்கள்; தான் சாகப்போகிறோமா என்று கேட்கிறார். இல்லை, இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவருக்கு அழுகை கூடியது. ரத்த அழுத்தம் எகிறி, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று.

எனக்கு வேலை பழக்கிய மூத்த தாதி என்னைப் படுக்கைத் துணிகள் வைக்கும் லினன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் எந்த மதம் என்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. திட்டுவார் என்று நினைத்தேன். "கும்பிடு, நான் வேணாங்கல. ஆனா கண்ணத் தொறந்து வெச்சிக்கிட்டு கும்பிடு. நீ கண்ண மூடுனா அவங்கள யாரு பாக்குறது?" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அதுதான் என் பழக்கம். கை கழுவும்போது அடுத்த கட்டிலில் இருப்பவரின் பெயரை ஒருமுறை மனதுக்குள் சொல்வேன். தண்ணீரை அடைப்பேன். போவேன். யாரும் கவனித்ததில்லை. பல வருடங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கூட்டத்தில் நான் சொன்னது இதைத்தான். சொல்லாமல் விட்டது கொரோனா காலத்தில் நடந்ததை.

அந்தக் காலத்தில் உங்களில் பலர் பள்ளியில் இருந்திருப்பீர்கள். எங்கள் வார்டைக் கொரோனா வார்டாக மாற்றியிருந்தார்கள். பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது. மனைவியானாலும் சரி, பிள்ளையானாலும் சரி, கேட்டுக்கு அந்தப் பக்கம்தான். உள்ளே நாங்கள் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை, இரட்டை முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி, அதற்கு மேல் முகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தடுப்பு. யார் டாக்டர், யார் தாதி, யார் கூட்டுகிறவர் என்று எங்களுக்கே தெரியாது. மார்பில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வோம். நோயாளிகளில் பாதிப் பேருக்கு அதைப் படிக்கும் தெம்பு இருக்காது.

அங்கே வந்தவர்தான் லூர்து அங்கிள். பெயரை மாற்றியிருக்கிறேன். கிள்ளானில் காலமெல்லாம் டாக்சி ஓட்டியவர். சர்க்கரை நோயால் பார்வை பாதி போயிருந்தது. ஆள் நிற்பது நிழலாகத் தெரியும், முகம் தெரியாது. வந்த அன்று முகக்கவசத்துக்குள்ளிருந்தே ஏர்போர்ட் போகிற குறுக்குவழி பற்றி எனக்குப் பாடம் நடத்தினார். மறுநாள் பேச்சு குறைந்தது. அதற்கடுத்த நாள் காலையில் பேச்சே நின்றுவிட்டது. மூச்சு வாங்குவதற்கே அவருக்கு முழு உடம்பும் தேவைப்பட்டது.

டாக்டர் இளம் பெண். நிதானமானவர். மதியத்துக்குள் தொண்டையில் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் போட்டாக வேண்டும், தள்ளிப்போட்டால் கையை மீறிவிடும் என்றார். ஐசியூவில் படுக்கை ஏற்பாடாகிவிட்டது. அங்கிளிடம் விளக்கிச் சொன்னோம். மயக்க மருந்து கொடுப்பார்கள், அதற்குப் பிறகு பேச முடியாது, விழிக்கும்போது நன்றாகிவிடும் என்று நம்புவோம் என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "ஃபாதர் வரட்டும்" என்றார்.

"அங்கிள், இப்ப யாரையும் உள்ள விட மாட்டாங்க."

"ஃபாதர் வந்து, நான் பாவசங்கீர்த்தனம் பண்ணாம குழாய் வேணாம். வெச்சீங்க, புடுங்கிருவேன் லா."

பாவத்தைக் குருவிடம் வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புப் பெறாமல் போக அவர் தயாராக இல்லை; விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குழாய் வைத்தவர்களில் எத்தனை பேர் திரும்ப எழுந்தார்கள் என்பது வார்டில் படுத்திருந்த எல்லாருக்கும் தெரியும். நாங்கள் சொல்லாவிட்டாலும் காலியாகும் கட்டில்கள் சொல்லிவிடும்.

நான் வெளியே வந்து உடையைக் கழற்றி, கை கழுவி, அவருடைய பங்குத்தந்தைக்கு ஃபோன் போட்டேன். "இப்பவே கெளம்புறேன். எந்த உடுப்பு போடச் சொன்னாலும் போட்டுக்கிறேன். அனுமதி கேட்டு மட்டும் சொல்லுங்க" என்றார் ஃபாதர். அடுத்து நிர்வாக அலுவலகத்துக்கு அழைத்தேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஒருவரை உள்ளே விட்டால் கேட்டில் நிற்கும் எல்லாரையும் விட வேண்டும். அங்கே நின்றவர்களில் ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு உயிர் இருந்தது.

பதில் வரும்வரை அங்கிளைத் தனியாக விட மனமில்லாமல் மறுபடி உடையை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். ஐடா என்னும் மலாய்த் தாதி அவருக்குத் தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தாள். ஆக்சிஜன் மெஷினின் இரைச்சல் அறையை நிறைத்திருந்தது. நான் ஒன்றும் பேசாமல் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். என் வெள்ளை உடை அவருக்கு நிழலாகத் தெரிந்திருக்க வேண்டும். முகம் அப்படியே மலர்ந்தது. அந்த மூன்று நாட்களில் நான் அவரிடம் காணாத மலர்ச்சி.

"ஃபாதர்... வந்துட்டீங்களா" என்றார். மறுகையைத் தூக்கி நெற்றியில் சிலுவை வரையத் தொடங்கினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் அங்கே நின்றேன், நீங்களும் நில்லுங்கள்.

அவர் கை நெற்றியிலிருந்து மார்புக்கு இறங்குகிறது. அடுத்து இடது தோள், வலது தோள், பிறகு பேசத் தொடங்கிவிடுவார். நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. இரைச்சலில் என் குரலும் அவருக்குக் கேட்காது. தலையை ஆட்டினால் போதும், கையை அவர் தலைமேல் வைத்தால் போதும். அவர் நிம்மதியாகக் குழாய்க்குச் சம்மதிப்பார். வெளியே ஐசியூ ஆட்கள் டிராலியோடு நிற்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அவர் மறுத்துவிடலாம். மறுத்தால் சாயங்காலத்துக்குள் போய்விடுவார். ஒரு மனிதனின் உயிரும் நிம்மதியும் என் தலையசைப்பில் இருந்தன.

திருச்சபைச் சட்டம் எனக்குத் தெரியும். குருவாக நடிப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்குச் சட்டம் ஞாபகம் வரவில்லை. அவர் இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்த எதையோ எடுத்துத் தரப்போகிறார், அது எனக்கு அல்ல என்றுதான் தோன்றியது. இன்னொருவருக்கு வந்த பொருளை ஆள் மாறாட்டம் செய்து வாங்கிக்கொள்வது போல இருந்தது. கண் தெரியாதவரிடம் அதைச் செய்ய என்னால் முடியவில்லை.

குனிந்து அவர் காதருகே வாயைக் கொண்டுபோனேன். "நான் ஃபாதர் இல்ல அங்கிள். மிஸ்ஸி ரீத்தா" என்றேன்.

தோளுக்குப் போன கை அங்கேயே நின்றது.

"ஃபாதர் வரல?"

"கெளம்பிட்டார் அங்கிள். உள்ள விடுவாங்களான்னு தெரியல. கேட்டிருக்கேன்."

என் கையிலிருந்து அவர் தன் கையை உருவிக்கொண்டார். சண்டையில்லை, சத்தமில்லை. அழைப்பு வந்ததும் ஃபோனை எடுக்கக் கையை விலக்குவோமே, அதைப்போல. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "பொய் சொல்லியிருக்கலாம் லா, மிஸ்ஸி" என்றார்.

எனக்கு வேலையில் ஏச்சு வாங்கிப் பழக்கம் உண்டு. நோயாளிகள் துப்பியிருக்கிறார்கள். தட்டை வீசியிருக்கிறார்கள். அவையெல்லாம் யூனிஃபார்மோடு கழன்றுவிடும். இது கழலவில்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செபம் சொல்ல முயன்றேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. அவர் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

டாக்டர் கண்ணாடிக் கதவுக்கு அப்பாலிருந்து கையைக் காட்டினார். எவ்வளவு நேரம் என்று கேட்கிறார். இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சுவது போலக் கையைக் காட்டினேன். அவர் மானிட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்று தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்கு அவர் எவ்வளவு துணிய வேண்டியிருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அலுவலகத்திலிருந்து முடியாது என்று பதில் வந்ததை, வெளியே போயிருந்த ஐடா கண்ணாடிக் கதவிலிருந்து கையைக் காட்டிச் சொன்னாள். அடுத்த நிமிடமே வார்டு ஃபோனில் ஃபாதர். கேட் வரைக்கும் வந்துவிட்டார், காவலாளி விடவில்லை, வெளியே வெயிலில் நிற்கிறார். ஐடா அந்த ஃபோனை உணவு வைக்கும் ஜிப் பைக்குள் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து உள்ளே கொண்டுவந்தாள். நான் அதை அங்கிளின் காதோடு சேர்த்துப் பிடித்தேன்.

"லூர்து அண்ணே, நான்தான். கேட்டுக்கு வெளிய நிக்கிறேன். உள்ள வரணும்னுதான் வந்தேன், முடியல."

அங்கிள் திரும்பினார். "ஃபாதர், இதுலயே கேக்குறீங்களா?"

ஃபாதருக்கும் ஒரு தலையசைப்பு தூரத்தில் பொய் காத்திருந்தது என்று நான் இப்போது நினைக்கிறேன். அவரும் அதைச் சொல்லவில்லை. "ஃபோன்ல பாவ மன்னிப்பு கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லண்ணே. ஆனா ஒண்ணு கேளுங்க. ஆண்டவர் மேல உள்ள அன்புனால மனசார வருத்தப்பட்டு, முடிஞ்சதும் பாவசங்கீர்த்தனம் பண்றேன்னு நெனச்சா, அவர் இப்பவே மன்னிக்கிறார். இது நான் ஒங்களுக்காகச் சொல்ற ஆறுதல் இல்ல. திருச்சபையோட போதனை. உத்தம மனஸ்தாப மந்திரம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சேர்ந்து சொல்லலாம், வாங்க."

அங்கிள் தொடங்கினார். மெஷின் காற்றை ஊத, அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைச் சேர்த்து வைத்துச் சொன்னார். கேட்டில் நின்ற ஃபாதரும் நானும் கூடவே சொன்னோம். நடுவில் ஓரிடத்தில் அங்கிள் நின்றுவிட்டார். மூச்சு போய்விட்டதோ என்று மானிட்டரைப் பார்த்தேன். இல்லை, மறந்துவிட்டார். அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு கடைசிவரை சொல்லி முடித்தார். ஃபாதர் ஆசீர் சொன்னார்.

பிறகு அங்கிள், "ஃபாதர், ஃபோன வெச்சிருங்க. நான் இந்தப் பொண்ணுகிட்டப் பேசணும்" என்றார்.

ஃபாதர் வைத்துவிட்டார். ஐடா ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"மன்னிப்பு ஆண்டவர் கொடுத்துட்டார். சரி. ஆனா இத ஒரு மனுசன் காதுல போடாம எனக்குப் போக முடியாது. நீ ஃபாதர் இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். கேப்பியா?"

"கேக்குறேன் அங்கிள்."

அவர் சொன்னார். என்ன சொன்னார் என்று உங்களிடம் சொல்லமாட்டேன். கொலையில்லை, கொள்ளையில்லை. ஒருவர் இன்னொருவருக்குச் செய்தது. அதைச் சொல்ல அவருக்கு இருந்த மூச்சு முழுவதும் தேவைப்பட்டது. நான் ஆறுதல் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்ல நான் யார்? கேட்டேன், அவ்வளவுதான். முடித்ததும் தன் கையை என் கைக்குள் அவராகவே வைத்தார். "இப்ப வெக்கச் சொல்லு குழாய" என்றார்.

டாக்டருக்குக் கையைக் காட்டினேன்.

லூர்து அங்கிள் திரும்பி எழவில்லை. சில நாட்கள் ஐசியூவில் கிடந்து போய்ச் சேர்ந்தார். உண்மை ஜெயித்தது, அவரும் பிழைத்தார் என்று முடித்தால் உங்களுக்கு நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை.

அவருடைய சாமான்களை வாங்கிக்கொள்ள மகன் வந்தார். கேட்டுக்கு வெளியே ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள், ஒப்படைப்பதெல்லாம் அங்கேதான். நான் எடுத்துக்கொண்டு போனேன். மகனுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பையை வாங்கிக்கொண்டவர் நகரவில்லை.

"சிஸ்டர், ஃபாதர் உள்ள வரலன்னு தெரியும். எங்கிட்டச் சொல்லிட்டார். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. வீட்டுல தனியா வெச்சிருக்காங்க, அவங்களுக்கும் பாசிட்டிவ். ஃபாதர் வந்தாரா, சாகுறதுக்கு முன்னாடி செபம் சொல்லி எண்ணெய் பூசினாரான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. சாப்பிடவே மாட்றாங்க. நீங்க ஃபோன்ல ஒரு வார்த்தை வந்தார்னு சொல்லிருங்க சிஸ்டர். நீங்க சொன்னா நம்புவாங்க." சொல்லிக்கொண்டே எண்ணை அழுத்திவிட்டார். "ஃபாதருக்கு நான் சொல்லிக்கிறேன். ப்ளீஸ் சிஸ்டர்."

என் கையில் ஃபோன் இருந்தது. ஒரு வீட்டின் அறைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "ஹலோ? யாரு?" என்றது.

அங்கிள் போய்விட்டார், இனி இந்தப் பொய்யால் யாருக்கு நஷ்டம்? முதல் தடவை எளிதாக இருந்தது என்றுகூடத் தோன்றியது. அப்போது என் கையைப் பிடித்திருந்தவருக்கு நான் பதில் சொன்னேன். இப்போது முகம் தெரியாத ஒரு பெண், புருஷனின் முகத்தைக்கூடப் பார்க்காமல் புதைக்கக் கொடுத்தவர்.

"ஆன்டி, நான் வார்டு சிஸ்டர் ரீத்தா" என்றேன். "அங்கிள் கூட நான் இருந்தேன்."

"ஃபாதர் வந்தாராம்மா?"

மகன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேட் வரைக்கும் வந்தார் ஆன்டி. உள்ள விடல. எண்ணெய் பூசல." நான் நிறுத்தாமல் சொன்னேன். ஃபாதர் வெயிலில் நின்றதைச் சொன்னேன். ஜிப் பைக்குள் ஃபோனைப் போட்டுக் காதில் பிடித்ததைச் சொன்னேன். மூன்று பேரும் சேர்ந்து உத்தம மனஸ்தாப மந்திரம் சொன்னதைச் சொன்னேன்.

"அவரு சொன்னாரா? அவரு வாயால?"

"சொன்னார் ஆன்டி."

"முழுசா?"

"நடுவுல ஒரு எடத்துல மறந்துட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன்."

"எந்த எடம்?"

எந்த இடம் என்று சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்தேன். சிரிப்பு. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

"அங்கதான் மறப்பாரு. கல்யாணம் ஆன நாளுலேருந்து அங்கதான் மறப்பாரு. நான்தான் எடுத்துக் கொடுப்பேன்." பிறகு சிரிப்பு நின்று நீண்ட அழுகையாக மாறியது. அழுதுகொண்டே, "அப்ப அது அவருதான். அவருதான் சொல்லியிருக்காரு" என்றார்.

ஃபோனை மகனிடம் கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று வேலை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். சாவியைத் திருப்பத் தெம்பில்லை. செபமாலையைக் கையில் எடுத்தேன், அதுவும் நகரவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்வது? பெர்த்தில் இருக்கும் மகளை அழைத்தால் பயந்துவிடுவாள். ஃபாதரிடம் நடந்ததைச் சொல்லலாம்; அங்கிள் எனக்கென்று கொடுத்ததைச் சொல்ல முடியாது. குருவுக்கு இரகசியம் காக்கச் சட்டம் இருக்கிறது, துணைக்கு மற்ற குருக்கள் இருக்கிறார்கள். எனக்கு எந்தச் சட்டமும் இல்லை. ஒருவர் நம்பிக் கொடுத்தார் என்பது மட்டும்தான் இருந்தது.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். ஐடா. என்னை அக்கா என்னும் அர்த்தத்தில் 'காக்' என்றுதான் கூப்பிடுவாள். நோன்பு மாதம் அது. நோன்பு திறக்கும் நேரத்துக்குக் காத்திருந்தாள். எனக்கும் சேர்த்து ஒரு பொட்டலம் வைத்திருந்தாள். தள்ளி நின்றுதான் பேச வேண்டும் என்பதால் பொட்டலத்தைக் காரின் மேல் வைத்துவிட்டுப் பக்கத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அவள் மலாயில் கேட்டாள். "காக், அந்த அங்கிள் உங்கள ஃபாதர்னு நெனச்சார் இல்லையா? அது மட்டும் எனக்குப் புரிஞ்சது. ஆமான்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.

அவள் யோசித்தாள். "அப்புறம் அவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"அத நான் சொல்லக் கூடாது ஐடா."

"சரி, சொல்லாதீங்க" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. பாங்கு ஒலித்தது. அவள் பேரீச்சம்பழத்தைக் கடித்தாள், நான் பொட்டலத்தைப் பிரித்தேன். எங்களுக்கு நடுவில் ஒரு காரின் அகலம் இடைவெளி. இருட்டும்வரை இருந்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனோம். என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த துணைகளில் அதைப் பெரிதாக நினைக்கிறேன். அப்படி இருந்தும் வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளே யாரும் இல்லை. அந்தப் பாரமும் என் கூடவே உள்ளே வந்தது.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். வெள்ளை உடுத்திய உங்களை யாராவது ஒருவர் வேறு யாரோ என்று நினைப்பார். மகள் என்பார், செத்துப்போன அக்கா என்பார், கன்னியாஸ்திரி என்பார். எல்லாச் சமயத்திலும் திருத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நினைவு தப்பிய ஒரு பாட்டி என்னை மகளே என்று கூப்பிட்டுச் சோறு ஊட்டச் சொன்னபோது நான் ஊட்டிவிட்டேன். நான் யாரென்று விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் ஒருவர் தன்னிடம் உள்ளதிலேயே பாரமானதை எடுத்து உங்கள் கையில் வைக்க வரும்போது, யார் கையில் வைக்கிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு அவர் கையை இழுத்துக்கொள்ளலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நீங்கள் பழக வேண்டும். அந்த நேரத்தில் செபம் வராமல் போனால் பயப்படாதீர்கள். எனக்கும் வரவில்லை.

பின்வரிசைப் பெண்ணே, செபம் எதற்கு என்று நீ கேட்காமல் கேட்டாய். அது என்னை நல்லவளாக்கியதாக எனக்குத் தெரியவில்லை. களைப்பை ஆற்றியதும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு நேரத்துக்குக் குறைவில்லை. காலையில் எழுந்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஞாபகத்தில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். லூர்து அங்கிளின் உண்மையான பெயர் வரும்போது அங்கே கொஞ்சம் அதிக நேரம் இருந்துவிடுகிறேன். அவர் சொன்னதை நினைத்துப் பார்ப்பேன். சில நாள் அவர்மேல் கோபம் வரும். சில நாள் பாவமாக இருக்கும். அதை வாய்விட்டே சொல்வேன். வீட்டில்தான் யாரும் இல்லையே.

அன்று அந்த அறையில் அவர் சொன்னதைக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். மற்றவரிடம்தான் தினமும் காலையில் போய் உட்காருகிறேன். அதைப் பற்றிப் பேச எனக்கு வேறு ஆள் இல்லை.